ஆய்வு மேற்பார்வை: மட்டக்களப்பு வட்டாரம்

ஆய்வு மேற்பார்வை என்பது, பட்டத்துக்காக ஆய்வேடு எழுதும் மாணவரைத் தலைப்புத் தேர்வு முதல் வாய்மொழிப் பரீட்சை வரை அனுபவமுள்ள கல்வியாளர் ஒருவர் நெறிப்படுத்தும் முறை. மட்டக்களப்பு மாவட்டத்தின் வடக்கே, கோறளைப்பற்று வடக்கு (வாகரை) பிரதேச செயலாளர் பிரிவில் உள்ள மாங்கேணி போன்ற கரையோரக் கிராமங்களின் மாணவருக்கு அருகிலுள்ள உயர்கல்விக்கூடம் வந்தாறுமூலையில் அமைந்த கிழக்குப் பல்கலைக்கழகம் ஆகும். நல்ல ஆய்வேட்டுக்கு முறையியல் தெரிந்த ஆசிரியர், களம் தெரிந்த ஊரவர், ஆவணம் ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றுள் களம் தெரிந்த ஊரவர் இந்தக் கரையோர மாணவருக்குப் பிறப்பிலேயே வாய்த்திருக்கின்றனர்.

நிறுவனப் பின்புலம்

1981 ஆகஸ்ட் 1இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய கிழக்குப் பல்கலைக்கழகம், 1986 ஒக்டோபர் 1இல் முழுமையான பல்கலைக்கழகமாயிற்று. திருகோணமலை வளாகமும், கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இதைச் சேர்ந்தவை. போர் இதன் கல்விப்பணியைக் கடுமையாகப் பாதித்தது. 1990இல் வந்தாறுமூலை வளாகம் அகதிகளின் புகலிடமானது. 2006 டிசம்பர் 15இல் அதன் துணைவேந்தர் பேராசிரியர் சி. இரவீந்திரநாத் கொழும்பில் காணாமலாக்கப்பட்டார். ஒரு மூத்த கல்வியாளரை இழக்கும்போது, அவரிடம் பயின்றிருக்கக்கூடிய தலைமுறையும் வழிகாட்டியை இழக்கிறது.

ஆய்வேடு எழுதவேண்டிய பட்டங்களுள், இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டத்தில் உள்ளது. முதுதத்துவமாணி 11ஆம் மட்டம், கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டம்.

மேற்பார்வை மரபு

காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். பிற்காலத்தில் ஈழத்துத் தமிழ் விமர்சகர்களான க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் இங்கிலாந்தின் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், கிரேக்க இலக்கிய அறிஞர் ஜோர்ஜ் தொம்சனின் கீழ் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்தனர். சங்க இலக்கியத்தை வீரயுகப் பாடலாக அணுகிய கைலாசபதியின் ஆய்வு 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது. தொம்சனின் புலமை கிரேக்கத்தைப் பற்றியது. கேள்வி கேட்கும் முறையை அவர் தந்தார், தமிழ்த் தரவை மாணவர்கள் கொண்டுவந்தனர். தன் பொருளையே ஆராய்ந்த ஆசிரியர் கிடைக்கவில்லையே என்று தளரும் மாணவருக்கு இது தெம்பூட்டும் வரலாறு.

தமிழ் அறிஞர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் மட்டக்களப்புக் கூத்தை மேடையேற்றியபோது அதில் ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் பற்றி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்தார். கிழக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியராகித் தானும் மாணவரை வழிநடத்தினார்.

மேற்பார்வையாளரைப் பெறுதல்

சிறப்புக் கற்கை மாணவருக்கு மேற்பார்வையாளரைப் பெரும்பாலும் துறையே ஒதுக்கும். உயர்பட்ட ஆய்வில் மாணவரே ஆசிரியரை நாடிச் சம்மதம் பெறுவது வழக்கம். அதற்குச் சுருக்கமான முன்மொழிவு தேவை. ‘மட்டக்களப்பு மீனவர் வாழ்க்கை’ என்ற தலைப்புடன் செல்பவருக்கு உறுதியான பதில் கிடைப்பது அரிது. ‘2004 ஆழிப்பேரலைக்குப் பின் மாங்கேணியில் கரைவலைத் தொழிலின் பங்கீட்டு முறை’ என்று எழுதிச் சென்றால் ஆசிரியர் உடனே வினாக்களைத் தொடுப்பார்: சம்மாட்டிக்கு (வலை உரிமையாளருக்கு) எத்தனை பங்கு, வலை இழுப்பவருக்கு எத்தனை, வள்ளமும் வலையும் அழிந்தபின் கடன் கொடுத்தவர் யார்? ஆய்வு அந்த வினாக்களில்தான் தொடங்குகிறது.

கேட்கச் செல்லுமுன் அந்த ஆசிரியரின் கட்டுரை ஒன்றையாவது படித்திருப்பது மரியாதையும் பயனும் தரும். அவருக்குத் துறைசார் பரிச்சயம் குறைவெனில், வேறு பல்கலைக்கழகத்திலிருந்து இணை மேற்பார்வையாளரைச் சேர்க்க முடியுமா எனத் துறைத்தலைவரிடம் விசாரிக்கலாம். ஒவ்வொரு சந்திப்பின் முடிவையும் எழுதி இருவரும் வைத்துக்கொண்டால் பிற்காலப் பிணக்குகள் குறையும்.

களமும் ஆவணமும்

வாகரைப் பிரதேசக் கரையோர வேடரைப் போன்ற சமூகங்களை ஆராய்வோருக்கு, மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலில் கரையோர வேடருக்கெனத் தனி அத்தியாயம் உண்டு. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்கள், இதழ்கள், கோயில் மலர்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. குடியேற்றவாதக் காலப் பதிவுகளுக்குக் கொழும்புத் தேசிய சுவடிகள் கூடத்தையும், நடப்புத் தகவலுக்குப் பிரதேச செயலகத்தையும் கிராம உத்தியோகத்தரையும் நாடலாம்.

போரும் ஆழிப்பேரலையும் கடந்த மண்ணில் நேர்காணல் செய்வது பெரும் பொறுப்பு. சம்மதம் பெறாமல் பதிவு செய்யக் கூடாது. சொன்னவரின் பெயரை, அவர் விரும்பினாலன்றி, வெளியிடக் கூடாது. இழப்பைப் பேச முடியாமல் நிறுத்துபவரிடம் மேலும் கேட்காமல் எழுந்து வர வேண்டும். இதைக் கற்பிப்பது மேற்பார்வையாளரின் முதற்கடமை.

ஆய்வேடு நிறைவுற்றதும் ஒரு பிரதியை ஊர்ப் பாடசாலைக்கோ வாசிகசாலைக்கோ கொடுக்க வேண்டும். தகவல் தந்தவர்கள் தம்மைப் பற்றி எழுதப்பட்டதை வாசித்துப் பிழை காட்ட இது வழி செய்யும். அடுத்து அதே ஊரிலிருந்து பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைக்கு ஓர் ஆய்வேடு எப்படி அமையும் என்ற மாதிரியும் கையில் கிடைக்கும்.