240 தடவை

தோழி ஒருத்தி சூழலியலில் ஆய்வு செய்கிறாள். ஒரு காட்டின் 20 வருடப் பசுமையை அளப்பதுதான் வேலை. கையில் 240 லேண்ட்சாட் படங்கள். கணக்கு எளிது: அண்மை அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் போதும். கியூஜிஸில் ராஸ்டர் கால்குலேட்டரைத் திறந்து, சூத்திரம் தட்டி, பெயர் வைத்து, ஓகே. இதையே 240 தடவை செய்தாள். முடித்துப் பார்த்தால், 2013க்குப் பிறகு காடு காணாமல் போயிருந்தது.

காடு எங்கும் போகவில்லை. லேண்ட்சாட் 5, 7 இரண்டிலும் சிவப்பு 3ஆவது அலைவரிசை, அண்மை அகச்சிவப்பு 4ஆவது. 2013இல் போன லேண்ட்சாட் 8இல் முன்னால் புதிதாக ஒன்று சேர்ந்ததால், இவை 4, 5 ஆகிவிட்டன. கை பழைய எண்களையே தட்டிக்கொண்டிருந்தது. அதாவது, சிவப்பிலிருந்து பச்சையைக் கழித்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் பைத்தான் கத்துக்கிட்டா ஒரு மதியத்துல முடிஞ்சிருக்குமே" என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லாமல் விட்டேன். எங்கள் ஆட்கள் எல்லோரிடமும் சொல்வது அதைத்தான். ஆனால் இந்தத் துறையை உருவாக்கியவர்களில் பலர் புரோகிராமர்களே இல்லை.

1960களில் இயான் மெக்ஹார்க் என்ற நிலவடிவமைப்பாளர், நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் சாலை எங்கே போகலாம் என்று பார்க்க, கண்ணாடித்தாள்களை எடுத்தார். சரிவுக்கு ஒரு தாள், வெள்ளத்துக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று. சாலையால் இழப்பு அதிகமாகும் இடத்தில் கருமை அதிகம். எல்லாவற்றையும் அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தால், வெளுத்த பகுதியே பாதை. யோசித்தால் இது கூட்டல்தான், கண்ணால் போடுகிற கூட்டல். ஒரு தாளுக்கு இரண்டு மடங்கு மதிப்பு தரணும்னா? மறுபடி வரைய வேண்டியதுதான்.

அதே காலத்தில் ஹோவர்ட் ஃபிஷர் என்ற கட்டடக் கலைஞர், சைமேப் என்ற மென்பொருளைத் திட்டமிட்டார். நிரலை எழுதியவர் பெட்டி பென்சன். வரி அச்சு இயந்திரத்தில் ஒரு எழுத்தின் மேல் இன்னொன்றை அடித்து அடித்துக் கருமை கூட்டினார்கள். நிலம் கட்டங்களாயிற்று. கட்டத்தில் எண் இருந்தால் கண் எதற்கு?

இதைச் சரியாகப் பிடித்தவர் டேனா டாம்லின். அவரும் நிலவடிவமைப்புப் படித்தவர். 1983இல் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். வரைபடத்தையே மாறியாக வைத்துக் கணக்குப் போடலாம் என்றார். வரைபட இயற்கணிதம் என்று பெயர். ஒரு கட்டத்தை மட்டும் பார்க்கும் செயல், அக்கம்பக்கத்தையும் பார்க்கும் செயல், ஒரு மண்டலம் முழுவதையும் பார்க்கும் செயல் என்று பிரித்தார். எனக்குப் பிடித்தது அவருடைய கட்டளைகள்தான். 'இந்த வரைபடத்தில் 3 இருக்கும் இடத்துக்கு 1 கொடு' என்கிற மாதிரி, வினைச்சொல்லோடு வரும் வாக்கியங்கள். இன்றைய ராஸ்டர் கால்குலேட்டர் எல்லாம் அதன் வாரிசுகள்.

வாக்கியம் கிடைத்தது; அதைத் திரும்பத் திரும்பச் சொல்லும் வேலை மட்டும் மனிதனிடமே இருந்தது. ஸ்பெயினின் எக்ஸ்ட்ரமதுராவில் வனத்துறை ஆய்வுக்காகத் தொடங்கிய செக்ஸ்டான்டே அந்தப் பாரத்தைக் கொஞ்சம் இறக்கியது. அதைக் கட்டிய விக்டர் ஒலாயா படித்ததும் வனப்பொறியியல். 2013இல் கியூஜிஸ் 2.0 வந்தபோது அது உள்ளேயே வந்து சேர்ந்தது. அதே 2013! அதில் உள்ள மாடலரில் பெட்டிகளை இழுத்துப் போட்டு அம்புக்குறியால் இணைத்தால் போதும். சேமித்துவிட்டு, பேட்ச் முறையில் 240 வரிசை கொடுத்தால், அது பாட்டுக்கு ஓடும்.

தப்பையும் அதே வேகத்தில் 240 தடவை செய்யும் என்பது வேறு விஷயம். தோழியோடு உட்கார்ந்து மாடலைப் போட்டபோது, உள்ளீட்டுப் பெட்டிகளுக்கு நான் பழக்கதோஷத்தில் பி3, பி4 என்று பெயர் வைத்தேன். அவள் அழித்துவிட்டு 'சிவப்பு', 'அண்மை அகச்சிவப்பு' என்று தட்டினாள்.