செஞ்சிச் சுதையில் ஒரு பேரியம் உச்சி: பேரைட்டின் ஒளிர்வை வாசிக்கும் முறை குறித்து

பழைய பூச்சுகளின் காலத்தைக் கணிப்போரிடையே ஒரு குறுக்குவழி நிலைபெற்றுவிட்டது. கையடக்க எக்ஸ்-கதிர் உடனொளிர்வு மானியைச் சுவரில் வைத்ததும் பேரியமும் கந்தகமும் தென்பட்டால் அங்கே பேரியம் சல்பேட்டு இருக்கிறது. இருந்தால் அது 19ஆம் நூற்றாண்டிலோ அதற்குப் பின்னரோ வந்த ஆலை வெள்ளை. ஆகவே அந்த இடம் பிற்காலப் பழுதுபார்ப்பு. புற ஊதா விளக்கில் ஒளிர்ந்தால் சுரங்கத்திலிருந்து வந்த இயற்கைப் பேரைட்டு, ஒளிராவிட்டால் செயற்கை என்பது இதன் துணைவிதி. கித்தானில் தீட்டிய எண்ணெய் ஓவியங்களில் முதல் விதி ஓரளவு பயன்பட்டிருக்கலாம். செஞ்சிக் கோட்டையின் சுதைக்கு இவற்றைப் பொருத்தினால் இரண்டுமே வழிதவறச் செய்யும் என்பது என் வாதம்.

2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற தலைப்பில் யுனெஸ்கோ ஏற்ற 12 கோட்டைகளுள் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி மட்டுமே. நாயக்கர், பீஜப்பூர், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனக் கைமாறிய இடம் அது. கல்யாண மகாலிலோ களஞ்சியத்திலோ எந்தப் பூச்சு எவர் காலத்தது என்ற கேள்வி இனி அடிக்கடி எழும், கருவிகளும் வரும். செஞ்சியில் எடுத்த அளவீடுகளை நான் இங்கே முன்வைக்கவில்லை. அங்குள்ள பொருள்கள் அக்கருவிகளுக்கு என்ன காட்டக்கூடும் என்பதையே பேசுகிறேன்.

முதலில் அந்த உச்சி. பேரியத்தின் எல்-ஆல்ஃபா கோடு 4.47 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் விழுகிறது. டைட்டானியத்தின் கே-ஆல்ஃபா 4.51இல். இடைவெளி 45 எலெக்ட்ரான் வோல்ட்டுக்குள். கையடக்க மானியின் பிரிதிறனோ நல்ல நிலையிலேயே 140 எலெக்ட்ரான் வோல்ட்டை ஒட்டியது. ஆக, திரையில் தெரிவது ஒரே மேடு. அதற்குப் பேரியம் என்று பெயரிடுவது மென்பொருள். கிரானைட்டும் சார்னோகைட்டும் சிதைந்த ஆற்றுமணலில் இல்மனைட்டு இருப்பது இயல்பு. இல்மனைட்டு என்றாலே டைட்டானியம். கந்தகத்தின் கதையும் இதேதான். அதன் கே-ஆல்ஃபா 2.31, ஈயத்தின் எம் கோடு 2.34. ஈய வெள்ளையோ செந்தூரமோ பூசிய இடத்தில் கந்தகம் இல்லாமலேயே கந்தகம் தெரியும்.

இதற்குத் தயாரான மறுமொழி உண்டு: குழாயின் மின்னழுத்தத்தை 50 கிலோ வோல்ட்டாக உயர்த்தி, 32.2இல் விழும் பேரியத்தின் கே கோட்டைப் பார்த்தால் டைட்டானியக் குழப்பம் தீரும். தீரும், அதில் ஐயமில்லை. ஆனால் அப்போது வேறொரு சிக்கல் முளைக்கிறது, மேற்சொன்ன குறுக்குவழி இதைக் கணக்கில் எடுப்பதில்லை. 32 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக் கதிர் சுண்ணாம்புப் பூச்சுக்குள்ளிருந்து சில மில்லிமீட்டர் ஆழத்தைத் தாண்டியும் வெளியே வந்துவிடும். கந்தகத்தின் கதிரோ மேற்பரப்பின் சில பத்து மைக்ரான்களிலிருந்து மட்டுமே தப்பும். பேரியத்தின் எல் கோட்டின் நிலையும் அதுதான்: கால்சியத்தின் உட்கவர் விளிம்பு 4.04இல் இருப்பதால், அதற்குச் சற்று மேலே வரும் கதிரைச் சுண்ணாம்பு பேராவலுடன் விழுங்கிவிடுகிறது.

எனவே ஒரே நிறமாலையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் பேரியமும் கந்தகமும் ஒரே அடுக்கிலிருந்து வந்தவை என்று கொள்ள எந்த நியாயமும் இல்லை. மேலே, கடைசியாக வெள்ளையடித்த அடுக்கில் ஜிப்சமாக மாறிய சுண்ணாம்பு கந்தகத்தைத் தரலாம். வௌவால் அடையும் மண்டபமென்றால் எச்சத்திலிருந்தும் சல்பேட்டு ஏறும். கீழே, காரையில் கலந்த மணலின் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் பேரியத்தைத் தரும். பேரியம் அயனி பொட்டாசியத்தின் இடத்தில் சிரமமின்றி அமரக்கூடியது. கிலோவுக்குச் சில கிராம் வரை பேரியம் கொண்ட ஃபெல்ட்ஸ்பார் அரிதன்று. சல்பேட்டு ஒரு மாடியிலும் பேரியம் இன்னொரு மாடியிலும் இருக்க, இரண்டையும் சேர்த்துப் பேரியம் சல்பேட்டு என்று எழுதுவதை வேதியியல் என்று சொல்ல முடியாது. கே, எல் இரு கோடுகளின் வலிமை விகிதத்தைக் கொண்டு ஆழத்தை ஓரளவு ஊகிக்கலாம் என்பது உண்மை. அந்த விகிதத்தைப் பதிவுசெய்யாத அறிக்கையை வைத்துக் காலம் சொல்ல வேண்டாம் என்பதே என் கோரிக்கை.

உண்மையிலேயே பேரியம் சல்பேட்டு இருந்தாலும் அது நிறமியாக வந்தது என்று முடிவுகட்ட இயலாது. 1966 வெள்ளத்துக்குப் பின் ஃபுளோரன்சில் வளர்ந்த பாதுகாப்பு முறையில், ஜிப்சம் ஏறிய சுவரோவியத்துக்கு முதலில் அம்மோனியம் கார்பனேட்டும் பிறகு பேரியம் ஹைட்ராக்சைடும் கொடுப்பார்கள். பூச்சின் துளைகளுக்குள்ளேயே பேரியம் சல்பேட்டு விளையும். அது ஓவியனின் வெள்ளையும் அன்று, கொத்தனாரின் வெள்ளையும் அன்று.

இனி ஒளிர்வு. தூய பேரியம் சல்பேட்டின் ஆற்றல் இடைவெளி 6 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல். 365 நானோமீட்டர் விளக்கின் ஒளித்துகளுக்கு 3.4 மட்டுமே வலு. ஆகவே அந்த விளக்கில் தெரியும் எந்த ஒளியும் வீட்டின் வெளிச்சம் அன்று. படிகத்தில் குடியிருக்கும் மாசு அயனி ஏற்றிய விளக்கு. இயற்கைப் பேரைட்டில் அக்குடிகள் பலர்: யுரேனைல் அயனி பச்சையில் சீரான படிகளாக ஒளிரும், பிஸ்மத் செம்மையில், ஈரிணைதிற யூரோப்பியம் 375 நானோமீட்டரை ஒட்டிக் கண்ணுக்கு எட்டாத ஊதாவில். கடைசியாகச் சொன்னது புற ஊதாவிலேயே முடிந்துவிடுவதால், விளக்கோடு நிற்பவருக்கு அந்தக் கல் ‘ஒளிராத’ கல். செஞ்சிக்கு ஏறக்குறைய நேர் வடக்கே 200 கி.மீ. தொலைவில் மங்கம்பேட்டையில் உலகின் மிகப் பெரிய பேரைட்டுப் படிவுகளுள் ஒன்று இருக்கிறது. எண்ணெய்க் கிணற்றுச் சேற்றுக்குப் போகும் அந்தச் சாம்பல் நிறப் பேரைட்டு கரிமத் தாள்பாறைகளை ஒட்டியது; கரிமம் ஒளியை உண்ணும். இயற்கை என்றால் ஒளிரும் என்ற விதியை இந்தக் கல் மதிக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

செயற்கைப் பக்கத்திலும் விதி நிற்பதில்லை. லித்தோபோன் என்ற வெள்ளை நிறமி ஏறக்குறைய 70 விழுக்காடு பேரியம் சல்பேட்டு, 30 விழுக்காடு துத்தநாக சல்பைடு. பேரைட்டைக் கரியோடு சுட்டுப் பேரியம் சல்பைடாக்கி, துத்தநாக சல்பேட்டுக் கரைசலில் சேர்த்தால் இரண்டும் ஒன்றாகப் படியும். சுவரில் அது பளிச்சென்று ஒளிரும். ஒளிர்வது துத்தநாக சல்பைடிலுள்ள செம்பு, வெள்ளி, மாங்கனீசு மாசுகள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொலோஞா நகரச் செருப்புத் தைப்பாளி வின்சென்சோ காஷாரோலோ சுட்டெடுத்த புகழ்பெற்ற கல்லும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. இருட்டில் மின்னியது பேரைட்டு அன்று, சூட்டில் பிறந்த பேரியம் சல்பைடு; அதன் ஒளிக்குச் செம்பு அயனியே காரணம் என 2012இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. யூரோப்பியம் கலந்த செயற்கைப் பேரியம் சல்பேட்டோ எக்ஸ்-கதிர்ப் படத் திரைகளுக்கென்றே ஒளிரும்படி செய்யப்பட்டது.

செஞ்சி போன்ற இடத்தில் இன்னொரு கூத்தும் உண்டு. கடுக்காயும் வெல்லமும் முட்டை வெண்கருவும் சேர்த்து அரைத்த சுதை நம் மரபு. பழைய கரிமப் பசைகள் 365இல் நீலவெண்மையாக ஒளிர்வது தெரிந்ததே. மெருகேறிய சுதையின் நீலம் பேரைட்டுக்கு வரவு வைக்கப்படும் ஆபத்து உண்மையானது. ஒளி அணையும் நேரத்தை அளந்தால் பிரிக்கலாம்: பசையின் ஒளி நானோநொடிகளில் தீரும், துத்தநாக சல்பைடின் மாசொளி மைக்ரோநொடிகள் நீடிக்கும்.

நம் முன்னோர் சுவருக்குப் பேரைட்டை வெள்ளையாகப் பயன்படுத்தியதே இல்லையே, பிறகென்ன குழப்பம் என்பார்கள். அவர்கள் வெள்ளை சுண்ணாம்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்வி அதுவன்று. உச்சி பேரைட்டினுடையதா என்பதே கேள்வி. அதிகக் கருவி, அதிகச் செலவு என்ற ஆட்சேபத்துக்கு விடை சொல்லத் தேவையில்லை. தவறான தேதியின் செலவு அதைவிட அதிகம்.

இயற்கையையும் செயற்கையையும் பிரிக்கத்தான் வேண்டுமென்றால் நிறத்தை விட்டுவிட்டுப் பேரைட்டு மணி வாங்கிய கதிர்வீச்சளவைக் கேட்பதே சரி என்று கருதுகிறேன். கடலடி வெந்நீர் ஊற்றுகளின் பேரைட்டை, படிகத்தில் சேர்ந்த ரேடியம்-226 விளைவித்த குறைகளை எலெக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வால் எண்ணிக் காலம் கணிக்கிறார்கள். அரைத்துப் பூசிய சுரங்கப் பேரைட்டு புவியியல் காலத்தில் சேர்த்த குறைகளைச் சுமந்தே வரும். ஆலையில் படிந்த மணியிலோ, சூளையில் சுட்டு எடுத்த லித்தோபோனிலோ அந்த இருப்பு இராது. வெயில் படும் சுவரில் ஆழமற்ற குறைகள் அழிந்துவிடலாம்; ஆழமான குறைகள் எவ்வளவு தாங்கும் என்பதை முதலில் ஆய்வுக்கூடத்தில் சோதித்த பிறகே சுவரை அணுக வேண்டும்.

அதற்கும் முன்னால் செய்யவேண்டியது எளிது. ராமன் நிறமாலையில் பேரைட்டின் முதன்மைக் கோடு செ.மீ.க்கு 988, ஜிப்சத்தின் கோடு 1008. கையில் எடுத்துச் செல்லும் கருவியே இவற்றைப் பிரித்துவிடும். வெள்ளை என்று கண்ணுக்குத் தெரியும் அடுக்கில் 988 வராமல் 1008 மட்டும் வந்தால், மானி எவ்வளவு பேரியம் காட்டினாலும் அதைத் தேடவேண்டிய இடம் பூச்சுக்குப் பின்னாலுள்ள மணல்.