பசுமைக்குடில் சாகுபடி

வெயில், மழை, பூச்சி ஆகியவற்றின் தாக்கத்தைக் குறைத்துப் பயிர் வளர்க்கும் முறை. இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் 200 மைக்ரான் பாலித்தீன் தாளைப் போர்த்தி, பக்கங்களில் பூச்சித்தடுப்பு வலை கட்டுவார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் இந்தோ-இஸ்ரேல் வேளாண் திட்டத்தின்கீழ் அமைந்த ரெட்டியார்சத்திரம் காய்கறி மகத்துவ மையம் இதற்கு முன்மாதிரி.

தக்காளி விளையும் வடமதுரை, அய்யலூர் பகுதிக்கு இதன் பெரும் பயன் நாற்றில்தான். குழித்தட்டில் தென்னை நார்க்கழிவை நிரப்பிக் குழிக்கு ஒரு விதை ஊன்றினால், சுமார் 25 நாளில் வேர் அறுபடாமல் நாற்றைப் பிடுங்கி நடலாம். இலைச்சுருள் நச்சுயிரியைப் பரப்பும் வெள்ளை ஈயை வலை பெரிதும் தடுப்பதால் நாற்று நோயின்றி வயலுக்குப் போகிறது. விதை விலை ஏறிவிட்ட காலத்தில் இது சிறிய லாபமல்ல.

குடிலுக்குள்ளேயே விளைவிக்க வெள்ளரியும் குடைமிளகாயும் ஏற்றவை. மகரந்தச் சேர்க்கையின்றிக் காய்க்கும் வெள்ளரி ரகங்களுக்குத் தேனீ தேவையில்லை. உரத்தைச் சொட்டுநீரில் கரைத்துத் தருவதால் நீரும் உரமும் மிச்சம். கிணறு வற்றும் ஊர்களில் குடில் அமைக்க இந்த நீர்ச் சிக்கனமே முதற்காரணமாக இருக்க வேண்டும். பருவமில்லாக் காலத்திலும் அறுவடை கிடைக்கும்.

சமவெளியின் கோடையில் மூடிய குடில் கொதிக்கும். அங்கே கூரைக் காற்றுத்திறப்போ, நிழல்வலைக்குடிலோ வேண்டும். ஒரே பயிரைத் தொடர்ந்தால் மண்ணில் நூற்புழு பெருகும்.