மாநாய்கனின் துறவும் உமர் (ரலி) அவர்களின் பயணமும்

கப்பலூரில் நான்குவழிச் சாலையை ஒட்டி வாழும் நமக்கு விபத்துச் செய்தி புதிதன்று. ஒவ்வொரு ஜனாஸாவிலும் 'அல்லாஹ் எழுதியது' என்கிறோம். அது ஈமானின் சொல். ஆயினும், தலைக்கவசமின்றிச் சென்று இறந்த ஓர் இளைஞனின் ஜனாஸாவன்று, "அதை அணியாமல் போனதும் எழுதப்பட்டதுதானா, ஹஜ்ரத்?" என்று நம் மாணவன் கேட்டபோது, உடனே விடை கூற நம்மால் இயலவில்லை.

இக்கேள்வி இம்மண்ணுக்குப் பழையது. மனித முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை, யாவும் நியதிப்படியே நடக்கும் என்றனர் மற்கலி கோசாலரைப் பின்பற்றிய ஆசீவகர். மதுரையில் கோவலன் கொலையுண்ட செய்தி புகாரை எட்டியதும், கண்ணகியின் தந்தை மாநாய்கன் செல்வத்தைத் தானம் செய்துவிட்டு ஆசீவகரிடம் துறவு பூண்டார் என்கிறது சிலப்பதிகாரம். துயருற்ற தந்தைக்கு அது ஆறுதலாக இருந்திருக்கலாம். ஆனால் அதே காப்பியத்தில், தீர விசாரியாது கொல்லச் சொன்ன பாண்டியன் ஊழின்மேல் பழியைப் போடவில்லை. தன் தவற்றை ஏற்று அரியணையிலேயே உயிர்நீத்தான்.

இஸ்லாமிய வரலாற்றிலும் இரு தரப்பினர் தோன்றினர். மனிதன் காற்றில் பறக்கும் இறகைப் போன்றவன் என்றனர் ஜபரிய்யாக்கள். செயல் முழுவதும் மனிதனுடையதே என்றனர் கதரிய்யாக்கள். இது வெறும் ஏட்டு வாதமன்று. கதரிய்யாக்களுள் ஒருவரான கைலான் திமிஷ்கீ, உமய்யா கலீஃபா ஹிஷாமின் ஆட்சியில் (724–743) கொல்லப்பட்டார்.

இவ்விவாதங்களுக்கெல்லாம் முன்னரே நடந்தது ஒன்று. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நோக்கிச் சென்று சர்ஃக் என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகப் படைத்தளபதி அபூ உபைதா (ரலி) உள்ளிட்டோர் தெரிவித்தனர். முஹாஜிர்களிடமும் அன்ஸார்களிடமும் ஆலோசித்தார்கள், கருத்து பிளவுபட்டது. பின்னர் குறைஷி முதியோரைக் கேட்க, அவர்கள் ஒருமித்துத் திரும்பச் சொன்னார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என அபூ உபைதா (ரலி) வினவினார்கள். ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) விடையளித்தார்கள். பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் செழிப்பும் மறுபக்கம் வறட்சியுமாக இருந்தால், ஒட்டகத்தை எப்பக்கம் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிதானே என்றும் கேட்டார்கள். பின்னர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து, நோயுள்ள ஊருக்குள் செல்லவும் வேண்டாம், அங்கிருந்து தப்பியோடவும் வேண்டாம் என்ற நபிமொழியை அறிவித்தார்கள்.

பிற்காலத்தில் இமாம் அஷ்அரீயும் (மறைவு 936) இமாம் மாதுரீதீயும் (944) நடுவழியை விளக்கினர்: படைப்பவன் அல்லாஹ், தேர்ந்து செய்பவன் அடியான். கீழக்கரை, காயல்பட்டின ஷாஃபிஈகள் முன்னவரையும், மதுரைப் பக்கத்து ஹனஃபி இராவுத்தர்கள் பின்னவரையும் சார்ந்தவர்கள். விவரங்களில் இவ்விரு இமாம்களுக்கும் வேறுபாடு உண்டு. மாணவனிடம் அதற்குள் நாம் செல்லவில்லை. சர்ஃகில் நடந்ததை மட்டும் சொன்னோம்.

"உமர் (ரலி) திரும்பிவிட்டார்களா?" என்று கேட்டான். மதீனாவுக்குத் திரும்பினார்கள். அபூ உபைதா (ரலி) ஷாமில் தம் படையினருடனேயே தங்கி, 639-இல் அம்வாஸ் கொள்ளைநோயில் இறந்தார்கள்.