கூப்பிட்டால் வரும்!

மூக்கண்டப்பள்ளி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சிப்காட், ஷிப்ட் சங்கு, லேத் பட்டறைகள், பெங்களூரைப் பார்த்து வரிசைகட்டி நிற்கும் லாரிகள். சரி, அங்கிருந்து ஓசூர் வந்து, தளி வழியாக ஜவளகிரிக்கு ஒரு பஸ் பிடியுங்கள். கம்பெனிக் கூரைகள் மறைந்து ராகி வயல் வரும். அதுவும் முடிந்து காடு ஆரம்பித்துவிடும். மூங்கிலும் முள்ளும் பின்னிக் கிடக்கும். பல இடங்களில் இருபதடிக்கு அப்பால் யார் நிற்கிறார்கள் என்றே தெரியாது. இந்தக் காட்டில்தான் ஒரு மனிதர் ஆட்கொல்லிப் பெண்புலி ஒன்றைக் குரல் கொடுத்தே தன் முன்னால் வரவழைத்தார்.

பெயர் கென்னத் ஆண்டர்சன். 1910-ல் பிறந்தவர். பெங்களூர்வாசி, விமானத் தொழிற்சாலையில் உத்தியோகம். லீவு கிடைத்தால் துப்பாக்கியோடு காட்டுக்குக் கிளம்பிவிடுவார். அப்போது ஓசூர், தேன்கனிக்கோட்டை எல்லாமே சேலம் மாவட்டம். அஞ்செட்டி, பென்னாகரம் பக்கமெல்லாம் அவருக்கு உள்ளங்கை மாதிரி. 1954-ல் வந்த அவருடைய முதல் வேட்டைப் புத்தகத்தில் ஜவளகிரி ஆட்கொல்லி வருகிறது. ஒரு வேட்டைக்காரரின் குண்டில் காயம்பட்டு, ஆளைத் தின்னப் பழகிய புலி அது. இரை கட்டிப் பார்த்தாகிவிட்டது, காத்திருந்து பார்த்தாகிவிட்டது. கடைசியில் அது ஜோடி தேடிக் கூப்பிடுகிற காலம் வந்தது. ஆண்டர்சன் ஆண்புலியின் குரலில் பதில் கொடுத்தார். அது நம்பி வந்தது. அவ்வளவுதான்.

இது ஏதோ சர்க்கஸ் வித்தை என்று நினைத்துவிடாதீர்கள். 1938 நவம்பர் கடைசியில், இமயமலை அடிவாரத்தில் தாக் என்ற கிராமத்தருகே, ஜிம் கார்பெட்டும் இதே முறையில்தான் ஒரு பெண்புலியை முடித்தார்.

ஏன் இந்தத் தந்திரம்? அடர்ந்த காட்டில் மிருகத்தைத் தேடிப் போகிறவன் பாதி தோற்றுவிட்டான். சருகு காட்டிக்கொடுக்கும், காற்று வாடையைக் கொண்டுபோகும். நீங்கள் அதைப் பார்ப்பதற்கு முன்னால் அது உங்களைக் கவனித்திருக்கும். ஆகவே உட்கார், கூப்பிடு, அது வரட்டும். அமெரிக்காவில் கயோட்டி என்று நம்ம நரிக்குச் சொந்தக்காரன் ஒருவன் இருக்கிறான். அவனை வரவழைக்க, அடிபட்ட முயல் அலறுவதுபோல ஊதுகிற ஊதலைக் கடைகளிலேயே விற்கிறார்கள். மரத்தில் முதுகைச் சாய்த்து, காற்று எதிரே வரும்படி உட்கார வேண்டும். அடர்ந்த காடு என்றால் முதல் ஊதல் மெதுவாக இருக்கணும். ஆசாமி நூறடியிலேயே படுத்திருக்கலாம். அப்புறம் அசையாமல் கால் மணி நேரமாவது பொறுக்கணும். அவன் நேராக வரமாட்டான். பக்கவாட்டில் சுற்றி வந்து காற்றை மோந்து பார்ப்பான். கண்ணில் படும்போது பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பான். அதனால்தான் அங்கே ரைஃபிளைவிட, தோட்டா சிதறும் ஷாட்கன் உபயோகம்.

கவனித்தீர்களா? ஒவ்வொரு குரலும் ஒரு பொய். முயல் குரல் பசியைத் தொடுகிறது. ஆண்புலிக் குரல் ஜோடி ஆசையைத் தொடுகிறது. மூன்றாவதாக ஒன்று உண்டு: ‘என் எல்லைக்குள்ளே எவண்டா அது?’ என்ற ரோஷம். நம் நரி அதற்குத்தான் மாட்டும்.

அதை நம்மூரில் கரைத்துக் குடித்தவர்கள் யார் தெரியுமா? நரிக்குறவர்கள். தங்களை வாக்ரி என்று சொல்லிக்கொள்பவர்கள். நாம் பஸ் ஸ்டாண்டில் ஊசி, பாசிமணி விற்பவர்களாக மட்டுமே பார்த்தவர்கள். வலையைக் கட்டிவிட்டு மறைந்திருந்து ஒருவர் ஊளையிடுவார். தன் இடத்தில் அந்நிய நரி வந்துவிட்டது என்று உள்ளூர் நரி ஓடிவந்து வலையில் விழும். ஊதல் கிடையாது, கருவி கிடையாது. தொண்டை மட்டும். எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய பெரிய தொகுப்பில் குருவிக்காரர் என்ற தலைப்பில் இவர்கள் இருக்கிறார்கள்.

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. ஆண்டர்சனுக்குக் காட்டைக் கற்றுத்தந்தவர்களில் ஒருவர் பைரா என்ற பூசாரி இனத்துக்காரர், சின்னாற்றுப் பக்கத்து ஆள். லைசென்ஸ் இல்லாமல் வேட்டையாடியதால் அவர் ‘திருட்டு வேட்டைக்காரர்’. அவரிடம் கற்ற துரை ‘ஷிகாரி’, புத்தகத்தின் நாயகர். பி.காம். படித்தவன் கணக்கில் சொன்னால், பாடம் ஒருவர் பேரில் பற்று, புகழ் இன்னொருவர் பேரில் வரவு. ஆண்டர்சன் இதை மறைக்கவில்லை, பைராவை நண்பர் என்றே எழுதினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வந்திருக்கத்தான் வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால், புலி சுட்டவருக்குப் போனது பொழுதுபோக்கு. நரி பிடித்தவருக்குப் போனது சோறு. பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி நரிக்குறவர்கள் நடையாய் நடந்தார்கள். 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் மசோதாவை நிறைவேற்றியது, 2023 ஜனவரியில் சட்டமானது. நடுவில் ஐம்பது வருஷம்!

நரி முகத்தில் முழித்தால் நல்லது என்பார்கள் நம்மவர்கள். அந்த நம்பிக்கையில் சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கம் சில கிராமங்களில் பொங்கல் சமயத்தில் வங்காநரியைப் பிடித்து ஊர்வலம் விட்டதும், வனத்துறை அபராதம் போட்டதும் உண்டு.

ஜவளகிரிக் காட்டின் ஒரு பகுதி 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்துக்குள் வந்தது. இப்போது அங்கே யாரும் எதையும் கூப்பிட முடியாது. குளிர்காலத்தில் ராகி தின்ன யானைகள், கூப்பிடாமலே, ஓசூர் வரை வருகின்றன.

ஆனால் குரல் கொடுக்கும் வித்தை செத்துவிடவில்லை. ஹங்கேரி, பால்கன் நாடுகளில் ஆராய்ச்சியாளர்கள் ராத்திரியில் ஒலிபெருக்கியில் நரி ஊளையைப் போட்டுவிட்டு, எத்தனை திசையிலிருந்து பதில் வருகிறது என்று எண்ணுகிறார்கள். நரிக் கணக்கெடுப்பு! நம்மூர் வாக்ரிப் பெரியவர் ஒருவரை அழைத்துப் போயிருந்தால் ஒலிபெருக்கிச் செலவு மிச்சமாகியிருக்கும்.