தோளில் எழுந்த பறவை



பேராதனைத் தாவரவியற் பூங்காவின் மரநிழலிலே இளைப்பாறும் ஒருவரிடம், ஒரு பெரும்போரை நடத்திய தலைமையகம் இங்கேதான் இருந்தது என்று கூறினால் அவர் எளிதில் நம்பமாட்டார். 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு, நேசநாடுகளின் தென்கிழக்காசியத் தலைமையகத்தைத் தில்லியிலிருந்து இங்கு மாற்றினார். அத்தலைமையகத்தார் சட்டைத் தோளிலே ஒரு துணி இலச்சினையைத் தைத்திருந்தனர். தீச்சுவாலையினின்று சிறகு விரித்தெழும் பீனிக்சுப் பறவையே அது.

அப்பறவை ஏன்? 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் யப்பானியர் குண்டு பொழிந்தனர். பர்மாவும் கைநழுவிப் போயிற்று. சாம்பரானது மீண்டெழும் என்ற நம்பிக்கையை நீண்ட கட்டளையில் எழுதுவதைவிடத் தோளில் தைத்துவிடுவது எளிது.

இவ்வழக்கம் முதலாம் உலகப் போரிலே பிரித்தானியப் படைகளிற் பரவியது. ஒரே நிறச் சட்டை அணிந்த பெருந்திரளில், எவர் எப்பிரிவினர் என்பதைத் தம்மவர் அறிதல் வேண்டும். ஆனால் பிரிவின் எண்ணைப் பகைவன் அறிதல் ஆகாது. ஆகவே எண்ணுக்குப் பதிலாக ஓவியம் வந்தது.

ஆசியப் போர்முனையில் அவ்வோவியத்திற்கு மற்றொரு பயனும் இருந்தது. ஆங்கிலம், இந்துஸ்தானி, தமிழ், நேபாளி, சுவாகிலி எனப் பல மொழியினர் அங்கே பொருதனர்; எழுத்தறியாதோரும் பலர். படத்தை எல்லோரும் வாசித்தனர். 81ஆம் மேற்கு ஆபிரிக்கப் பிரிவினர் தம் நாட்டுக் கதைகளில் வரும் அனான்சி என்னும் சிலந்தியை அணிந்தனர். வலியாரைத் தந்திரத்தால் வெல்வது அது. தளபதி சிலிம் தமது பதினான்காம் சேனைக்கு வகுத்த இலச்சினையில் வாளின் முனை கீழ்நோக்கி நின்றது. வாள்முனை மேல்நோக்குவதே மரபு என்பர். ஆனால் அவரோ வடக்கிலிருந்து தெற்கே இறங்கிப் பர்மாவை மீட்கவேண்டியவர்!

நமக்கு மிக அணுக்கமானது காண்டாமிருகத் தலை. அதை அணிந்த 11ஆம் கிழக்கு ஆபிரிக்கப் பிரிவினர் இலங்கையிலே பயிற்சி பெற்று, 1944இன் பெருமழையில் பர்மாவின் கபோ பள்ளத்தாக்கினூடே சேற்றிலும் மலேரியாவிலும் முன்னேறினர். பூங்காவிற் கோப்புகளைப் புரட்டியவர்களின் பறவையைக் காட்டிலும் என் மனம் இந்த விலங்கையே நாடுகிறது.

கண்டி யுத்த மயானத்தில் 203 கல்லறைகள் உள்ளன. அவற்றுள் பிரித்தானியர் 107 பேர், கிழக்கு ஆபிரிக்கர் 35 பேர், இலங்கையர் 26 பேர், இந்தியர் 23 பேர். அவர்கள் எல்லோரும் களத்தில் மாண்டவரல்லர். நோயாலும் விபத்தாலும் இறந்தவரும் உளர். ஒருமுறை மாணவரை அங்கு அழைத்துச் சென்றேன். வகுப்பிலே நான் கூறியதை நினைவில் வைத்திருந்த ஒருவன், காண்டாமிருகத்தைக் கல் கல்லாகத் தேடினான். அஃது அகப்படவில்லை. பொதுநலவாயப் போர்க் கல்லறைகளிலே பொறிப்பது ரெஜிமென்டின் சின்னத்தையே. ரெஜிமென்ட் பரம்பரையாக நிலைப்பது. பல ரெஜிமென்டுகள் கூடிய பிரிவோ போரோடு கலைவது. 1946இல் தென்கிழக்காசியத் தலைமையகமும் கலைக்கப்பட, பீனிக்சுப் பறவையும் தோள்களைவிட்டு நீங்கிற்று.

நான் இதனை விளக்கியும் அவன் அமைதியடையவில்லை. கிழக்கு ஆபிரிக்கரின் கற்களுக்கு முன் ஒவ்வொன்றாக நின்று, பழக்கமில்லாத அப்பெயர்களை எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டனர். மழை தூறத் தொடங்கிய பின்னரே பேருந்துக்குத் திரும்பினோம்.