கணினிக்குக் காவலர் தேடிய வரலாறு

வீட்டுக்குக் காவலாள் ஒருவனை அமர்த்துமுன் அவன் ஊரையும் நடத்தையையும் நாலு பேரிடம் விசாரித்தறிவது குடும்பத் தலைவரின் வழக்கம். திறவுகோற் கொத்தினை அவன் கையில் அன்றோ ஒப்படைக்க வேண்டியிருக்கிறது! வீட்டுக் கணினிக்கு நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் தேடுவோரின் நிலையும் ஏறத்தாழ இதுவே. அம்மென்பொருள் வீட்டார் எழுதும் கடிதத்தையும் வங்கிக் கணக்கையும் குழந்தைகளின் புகைப்படங்களையும் ஒன்றுவிடாமல் திறந்து பார்க்கும். ஐயம் தோன்றியதைக் கேளாமலே அப்புறப்படுத்தும் உரிமையும் அதற்கு உண்டு. இவ்வளவு அதிகாரத்தை அயலார் ஒருவரிடம் கொடுக்கும் நிலை எவ்வாறு உண்டாயிற்று?

தொடக்கத்தில் இது ஆராய்ச்சிக்கூடத்து விளையாட்டாகவே இருந்தது. 1971 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பொப் தோமஸ் என்பவர், வலைப்பின்னலில் இணைந்த ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தானே ஊர்ந்து செல்லும் 'கிரீப்பர்' என்ற நிரலை எழுதினார். அதனைத் துரத்தி அழிக்க 'ரீப்பர்' என்ற இன்னொரு நிரல் எழுந்தது. அதை எழுதிய ரே தொம்லின்சன் மின்னஞ்சலைத் தோற்றுவித்தவரென இன்று அறியப்படுபவர். அக்காலத்துக் கணினிகள் வீட்டிற்குள் நுழையக்கூடியவை அல்ல. ஆகவே வீட்டாருக்கு அக்கவலையும் இல்லை.

நச்சுநிரல் என்ற எண்ணத்துக்கு உருவங் கொடுத்தவர் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவராயிருந்த பிரெட் கோகன். 1983 நவம்பரில் அவர் அத்தகைய நிரலொன்றை எழுதிச் சோதித்தபோது, ஐந்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கணினியின் முழு அதிகாரமும் அவர் வசமாயிற்று. 'வைரஸ்' என்ற பெயரைச் சூட்டியவர் அவருடைய ஆசிரியர் லெனாட் அடில்மன். சோதனையின் விளைவைக் கண்ட நிர்வாகிகள் மேற்கொண்டு சோதனை நடத்த அனுமதி மறுத்துவிட்டனர்.

அச்சோதனையைவிட முக்கியமானது கோகன் பின்னர் எடுத்துக்காட்டிய ஓர் உண்மை. எல்லா நச்சுநிரல்களையும் பிழையின்றி இனங்காணும் காவலர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அக்காவலரிடமே, 'நான் நச்சுநிரலா?' என்று வினவும் நிரலொன்றை எவரும் எழுதலாம். 'ஆம்' என்று விடை வந்தால் அது சும்மா இருந்துவிடும். 'இல்லை' என்று வந்தால் பரவத் தொடங்கும். எந்த விடை சொன்னாலும் காவலர் பொய்யராகிவிடுகின்றார். எனவே பிழையே செய்யாத காவல் மென்பொருள் எக்காலத்தும் இயலாது. 'நூற்றுக்கு நூறு பாதுகாப்பு' என்று விளம்பரம் செய்யும் வணிகர் இந்நிறுவலைப் படித்திருந்தும் மறந்திருப்பர் போலும்.

தனியாட் கணினிகளிடையே பரவிய முதல் நச்சுநிரல்களுள் பெயர் பெற்றது 1986 இல் லாகூர் நகரிலிருந்து புறப்பட்ட 'பிரெயின்'. பாசித், அம்ஜத் என்ற ஆல்வி சகோதரர்கள் இருவர் தாம் எழுதிய மருத்துவ மென்பொருளைக் களவாகப் பிரதி எடுப்போரைக் கண்டறிய அதனை அமைத்ததாகக் கூறினர். விந்தை என்னவெனில், நிரலுக்குள்ளேயே அவர்கள் தம் பெயரையும் கடை முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வைத்திருந்தனர். நெகிழ்வட்டுகளில் ஏறிக் கடல் கடந்த அந்நிரலால் அமெரிக்காவிலிருந்தும் அவர்களுக்குத் தொலைபேசி அழைப்புகள் வந்தன.

இதன்பின்னரே காவல் ஒரு தொழிலாயிற்று. 1987 இல் அமெரிக்காவில் ஜோன் மக்காபி தம் நிறுவனத்தைத் தொடங்கினார். 1988 இல் பிராக் நகரத்து ஆராய்ச்சி நிலையமொன்றில் பவெல் பாவுடிஷ் என்பவர் 'வியன்னா' என்ற நச்சுநிரலை எதிர்கொண்டு, அதனை நீக்கும் நிரலை எழுதினார். செக்கொஸ்லோவாக்கியா அப்போது பொதுவுடைமை ஆட்சியின் கீழ் இருந்தமையால் தனியார் நிறுவனம் நடத்த இயலவில்லை. அவரும் எடுவார்ட் குச்சேராவும் கூட்டுறவு அமைப்பாகவே தொழிலைத் தொடங்கினர். பிற்காலத்து 'அவாஸ்ட்' அதன் வழித்தோன்றலே. மொஸ்கோவில் யெவ்கேனி கஸ்பெர்ஸ்கி 1989 இல் தம் கணினியிலேயே 'காஸ்கேட்' நச்சுநிரலைக் கண்டு இத்துறைக்கு வந்தார். இவர்கள் அனைவரும் கையாண்ட முறை எளியது. அகப்பட்ட நச்சுநிரலின் ஒரு துண்டைக் கைரேகைபோற் பதிந்து வைத்து, ஒவ்வொரு கோப்பையும் அப்பதிவேட்டோடு ஒப்பிடுவர். முன்பு அகப்படாத கள்வனை அப்பதிவேடு அறியாது.

1992 ஆம் ஆண்டு இத்தொழிலுக்கு வேறொரு பாடத்தையும் கற்பித்தது. அஃது அச்சத்தின் விலை. 'மைக்கலாஞ்சலோ' எனப் பெயரிடப்பட்ட நச்சுநிரல் மார்ச்சு 6 ஆந் திகதி விழித்தெழுந்து வன்தட்டின் தொடக்கப் பகுதியை அழிக்கும் என்று தெரியவந்தது. அந்நாள் அவ்வித்தாலியக் கலைஞரின் பிறந்த நாளாக இருந்ததே பெயருக்குக் காரணம். நிரலுக்குள் அவரைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஐம்பது இலட்சம் கணினிகள் வரை பாழாகலாம் என்ற மதிப்பீடு செய்தித்தாள்களில் அடிபட்டது. மக்கள் கடைகளுக்கு விரைந்தனர். காவல் மென்பொருள் அமோகமாக விலைபோயிற்று. குறித்த நாள் வந்து கழிந்தபின் பார்த்தால், பாதிப்புற்றவை பத்து இருபதாயிரம் அளவே என்று கணக்கிடப்பட்டது. பொய்யான எச்சரிக்கை என்று அதனை முற்றும் ஒதுக்கவும் முடியாது. இழந்தவர்க்கு இழப்பு இழப்பே. ஆயினும் எச்சரிக்கை செய்தவரும் மருந்து விற்றவரும் ஒருவராகவே இருந்தமை சிந்தித்தற்குரியது.

விற்பவர் சொல்லை மட்டும் நம்பலாகாது என்ற உணர்வினால் சுதந்திரமான சோதனை நிலையங்கள் தோன்றின. ஜெர்மனியின் மாக்டபேர்க்கிலும் ஒஸ்திரியாவின் இன்ஸ்புருக்கிலும் உள்ளவை பெயர் பெற்றவை. எத்தனை நச்சுநிரலைப் பிடிக்கிறது என்பதோடு, நல்ல கோப்பினை எத்தனை முறை தவறாகப் பிடிக்கிறது, கணினியின் வேகத்தை எவ்வளவு குறைக்கிறது என்பவற்றையும் அவை அளக்கின்றன. இரண்டாவது அளவை அற்பமென்று எண்ணற்க. 2010 ஏப்ரலில் மக்காபியின் புதுப்பிப்பு ஒன்று விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பொன்றையே நச்சுநிரல் எனக் கருதிப் பூட்டிவிட, பல நாடுகளில் கணினிகள் செயலிழந்தன.

மைக்ரோசொப்ட் நிறுவனம் 2009 இல் இலவசக் காவல் மென்பொருளை வெளியிட்டது. 2012 இல் வந்த விண்டோஸ் 8 முதல் காவல் இயங்குதளத்தின் உள்ளேயே அமைந்தது. முதற் சில ஆண்டுகளில் சோதனையாளர் அதனைக் குறைவாகவே மதித்தனர். 2019 அளவில் அதற்கு முழு மதிப்பெண் கிடைத்தது. எனவே, எதை வாங்குவது என்பதற்கு முன்னே, வாங்கத்தான் வேண்டுமா என்ற வினா வீட்டாருக்கு எழுந்தது. 2017 மே மாதத்தில் பரவிய 'வன்னாகிரை' இதற்கு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச்சு மாதத்திலேயே வெளிவந்திருந்தது. அதனை ஏற்றுக்கொண்ட கணினிகளில் அவ்வழி அடைபட்டிருந்தது.

இலவசக் காவலுக்கும் ஒரு கூலி உண்டென்பது 2020 சனவரியில் வெளிப்பட்டது. அவாஸ்ட் நிறுவனம், தன்னைப் பயன்படுத்துவோர் இணையத்தில் எங்கெங்கே சென்றனர் என்ற விவரத்தைத் துணை நிறுவனமொன்றின் வாயிலாக விற்றுவந்தது. அத்துணை நிறுவனம் உடனே மூடப்பட்டது. 2024 இல் அமெரிக்க அரசின் வணிக ஆணையம் ஒரு கோடியே 65 இலட்சம் டொலர் செலுத்த வேண்டுமென்றது. கள்வர் பின்தொடராதபடி காக்க வந்தவரே பின்தொடர்ந்தார்.

அதே ஆண்டில் மற்றொன்றும் நிகழ்ந்தது. ரஷ்ய அரசின் செல்வாக்குக்கு உட்படக்கூடும் என்ற காரணங் காட்டி அமெரிக்க அரசு கஸ்பெர்ஸ்கி மென்பொருளின் விற்பனையைத் தடை செய்தது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. ஆயினும் செப்டெம்பர் 29 ஆந் திகதியுடன் புதுப்பிப்புகளும் நிற்க வேண்டியதாயிற்று. அத்திகதி வருமுன்னரே அந்நாட்டு வாடிக்கையாளர் பலர் ஒருநாள் கணினியைத் திறந்தபோது, தாம் தேர்ந்தெடுத்த காவலர் இல்லை. அவர் இருந்த இடத்தில் 'அல்ட்ரா ஏவி' என்ற, முன்பின் கேள்விப்படாத மென்பொருளொன்று அமர்ந்திருந்தது. மாற்றம் வருமென்று மின்னஞ்சல் அனுப்பப்பட்டிருந்தது. புதியவரை உள்ளே விடலாமா என்று மட்டும் எவரும் கேட்கவில்லை.